சொந்த வண்டியில் படித்த தொழில்

(டிங்கரிங் மாலை வகுப்பின் முதற்குழு நிறைவு நாளில் சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



மண்டபத்துக்கு வெளியே நாலு ஆட்டோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலும் நம் டிவிஷன்களில் ஓடும் பழைய வண்டிகள். அவற்றைப் பிரித்து, துரு வெட்டி, தகடு ஒட்டி, பெயின்ட் அடித்தவர்கள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவருக்கும் இந்த வேலை தெரியாது. கூடப் படித்த எங்களுக்கும் தெரியாது.

இது எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். போன மழைக்காலத்தில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிவந்த ஒரு ஆட்டோவின் அடித்தகடு விட்டுப்போனது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கால் முழங்கால்வரை கீழே இறங்கிவிட்டது. மேட்டில் வண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் ஒரு சப்பாத்தோடு போயிற்று. இறக்கத்தில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டிக்காரத் தம்பியிடம் நாங்கள் கோபமாகத்தான் போனோம். அவரோ நாலு மாதத்துக்கு முன்புதான் கடன் வாங்கி வண்டிக்கு வேலை செய்திருந்தார். துருவை வெட்டாமல் அதன்மேலேயே பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மேலே பளபளப்பு, கீழே தகடே இல்லை. “சேர், நான் பெயின்டத்தான் பாத்தேன். அடியில என்ன பாக்கணும்னு எனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?” என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மறுபடி முழு வேலையும் செய்ய 1,20,000 ரூபா கேட்டார்கள். 2024இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், அது 89 முழுப்பேர். புது வண்டி வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வண்டியின் விலையே ஏறிக்கிடக்கிறது. 2025இல் இறக்குமதி மறுபடி திறந்தும் நம் கைக்கு எட்டும் விலை இல்லை. ஆகவே இருக்கிற வண்டியைக் காப்பாற்றத் தெரிந்தாக வேண்டும்.

கொழும்புக் கராஜ்களில் முப்பது வருஷம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த நம் பெரியவர் ஒருவரைத் தேடிப்போனோம். அந்த டிங்கர் பாஸ் தமிழில் சொல்லித்தரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “பழந்தகடு கொண்டுவந்து பழக வேணாம். அவனவன் வண்டிய கொண்டுவாங்க. தன் புள்ள உக்காருற வண்டியில எவனும் துருமேல பட்டி பூசமாட்டான்.”

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரை முதல் எட்டு மணிவரை, சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. பதினொரு பேர், நாலு வண்டி. வண்டி நின்றால் ஹயர் இல்லை, ஆனால் லீசிங் தவணை நிற்காது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் பிரிப்பது, எல்லோரும் அதிலேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தோம். பிரித்த வண்டிக்காரரின் தவணைக்கு மற்றவர்கள் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் இழவென்றால் லயமே கூடுகிற பழக்கம் நமக்கு உண்டல்லவா, அதே பழக்கம்தான் இங்கேயும் கைகொடுத்தது.

என்ன கற்றோம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். ஆட்டோ வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

முதல் வேலை துருவைத் தேடுவது. ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். மழைத்தண்ணீர் அதற்கடியில்தான் தங்குகிறது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், துருப்பிடித்தது மொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப்பாருங்கள். உள்ளே இறங்கினால் சோக்கட்டியால் வட்டம் போடுங்கள்.

இரண்டாவது, வெட்டுவது. கவ்வாத்து வெட்டிய கைகளுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். உளுத்த கிளையை உயிர்மரம் தெரியும்வரை வெட்டுவோம் அல்லவா? தகட்டிலும் வெள்ளையாக மின்னும் இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். கொஞ்சம் துருவை விட்டுவைத்தால் அது புதுத் தகட்டையும் தின்றுவிடும்.

மூன்றாவது, ஒட்டுவது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி, பெற்றோல் டாங்கியை வண்டியிலிருந்து இறக்கித் தூரத்தில் வைக்க வேண்டும். மணல் வாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் பிடித்தால் சூட்டில் தகடு நெளிந்துபோகும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடையை நிரப்ப வேண்டும். பாஸ் இதை மூன்று தடவை சொன்னார். அப்படியும் பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லித்தரும் நாங்களே பொறுமையில்லாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டோம். தகடு அப்பளம் மாதிரி நெளிந்தது. வெட்டியெறிந்துவிட்டு மறுபடி செய்தோம். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. அதன்பின் தப்பை மறைக்கவேண்டும் என்ற பயம் யாருக்கும் இருக்கவில்லை.

நாலாவது, நசுங்கலை எடுப்பது. உட்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்து, வெளியில் சுத்தியலால் தட்டுவது. நசுங்கலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு இழுபட்டு இன்னும் வீங்கும். சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம், உள்ளங்கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். இந்த வேலையில் எங்கள் எல்லோரையும் வென்றவர் பத்தொன்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா. வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை, ஆட்டோ வாசலில் கிடந்து துருப்பிடித்தது. அவர் வகுப்புக்கு வந்த முதல் நாள் சிரித்தவர்கள், பிறகு “அக்கா, இத ஒருக்கா தடவிப் பாருங்க” என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஐந்தாவது, பட்டியும் பெயின்டும். பட்டி மெல்லிசாக இருக்க வேண்டும், ஓட்டையை அடைக்க அது உதவாது. அது தண்ணீரை உறிஞ்சும், ஆகவே காய்ந்தபடியே உரசுங்கள். முதலில் 80ஆம் நம்பர் தாள், பிறகு 180, பிறகு 320. பனிமூட்டத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் சில பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். நம் ஊரில் நல்ல வெயிலுக்காக இரண்டு கிழமை காத்திருந்தோம்.

இன்னொரு விஷயம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்டின் புகை ஆளுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் லேஞ்சி கட்டினால் போதாது, அதற்குரிய முகமூடி வேண்டும். மலையில் மருந்தடிக்க முகமூடி கேட்டுப் போராடுகிற நாம், சொந்தக் கொட்டகையில் அதை மறக்கலாமா?

இனி, சான்றிதழ் பற்றி. நம் பையன்கள் நிறையப்பேர் கராஜ்களில் பத்து வருஷம் வேலை செய்தும் கையில் ஒரு கடதாசி இல்லாமல் எடுபிடியாகவே இருக்கிறார்கள். வேலை தெரிந்தவரைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. என்.வி.கியூ. என்று சொல்கிறோமே, அந்தத் தேசியத் தொழிற்தகைமையை வகுப்பில் படித்துத்தான் பெறவேண்டும் என்றில்லை. முன் அனுபவத்தைக் காட்டி, செய்முறைப் பரீட்சைக்கு முகம்கொடுத்தும் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். அதற்காகத்தான் எங்கள் பதினொரு பேரும் ஒவ்வொரு நாளும் செய்த வேலையை ஒரு கொப்பியில் எழுதி, முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். பரீட்சை தமிழில் வேண்டுமென்று விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அது நம் உரிமை, அதைக் கேட்டுப் பெற்றுத்தருவது சங்கத்தின் வேலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். “பிள்ளைகளுக்குக் கைத்தொழில் இருக்கிறதே, இனிச் சம்பளம் எதற்கு?” என்று நாளைக்கு யாராவது கேட்கலாம். இந்த வண்டிகளில் ஏறுகிறவர்கள் நம் ஆட்கள். அவர்கள் கையில் காசு இல்லையென்றால் ஹயரும் இல்லை, கராஜும் இல்லை. தொழில் கற்பதும் நியாயமான சம்பளம் கேட்பதும் ஒரே போராட்டம்தான்.

அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை இன்றைக்கு இங்கே வந்திருக்கிறது. கொஞ்சம் முன்னால் அதே வண்டியில் ஏறி, அடித்தகட்டில் நாலு தடவை குதித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. பாஸுக்கு அதைவிட வேறு சான்றிதழ் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

அடுத்த குழுவுக்குப் பெயர் பதிய விரும்புகிறவர்கள் உங்கள் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ பெயர் கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். வண்டி இல்லாதவர்களும் வாருங்கள், அடுத்தவர் வண்டியில் கைகொடுத்தே கற்றுக்கொள்ளலாம். வண்டி உள்ளவர்கள் இன்று இரவே வீட்டுக்குப் போய் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.