உப்பைத் தாங்கும் நெல்லை அளப்பது எப்படி?

2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. உழவர்கள் நன்கறிந்த எம்.டி.யு. 1010 நெல்லில் ஒரேயொரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் அதை உருவாக்கினார்கள். வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்பது அதைப் பற்றிய நம்பிக்கை. ஒருபுறம் வரவேற்பு, மறுபுறம் கடும் எதிர்ப்பு. 'தாங்கும்' என்ற சொல்லை நாம் எந்தப் படியால் அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். என் கருத்தில், அறுவடையில் கிடைக்கும் மூட்டைக் கணக்கு ஒன்றே அந்தப் படி.

காரணம் இருக்கிறது. அந்த மரபணு செயலிழந்தால் இலைத்துளைகள் குறைகின்றன. பயிர் வெளிவிடும் நீர் மிச்சமாகிறது. ஆனால், உணவு சமைக்கத் தேவையான கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளைகள் வழியாகத்தான். கதவைச் சாத்தினால் நீர் தங்கும், பசியும் தங்கும். உப்போ இரண்டு விதமாகத் தாக்குகிறது. வயலில் நீர் நின்றாலும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. பிறகு சோடியம் இலைகளில் சேர்ந்து அவற்றைக் கருக்குகிறது. 2001இல் விஞ்ஞானிகள், சோடியத்தைச் செல்லின் உட்குமிழிக்குள் பூட்டிவைக்கும் ஒரு மரபணுவின் வேலையைத் தக்காளியில் முடுக்கிவிட்டார்கள். கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்த நீரிலும் அந்தச் செடி காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்தில் ஏறவில்லை. அருமையான அறிவியல்தான். ஆயினும் அந்தத் தக்காளி சந்தைப் பயிராகவில்லை. ஆய்வுக்கூடத்தில் உப்பு மட்டுமே பகை. வயலில் வெயில், பூச்சி, நீர்த்தேக்கம் எல்லாம் சேர்ந்து வருகின்றன.

இதற்கு மாறான சான்று ஆஸ்திரேலியாவில் உண்டு. கோதுமையின் பழைய உறவுப் பயிர் ஒன்றிலிருந்து, சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் வேரிலேயே மறிக்கும் மரபணுவை டியூரம் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். உவர் வயலில் விளைச்சல் 25 சதவீதம் கூடியதாக 2012இல் வெளியிட்டார்கள். அதைச் சாதித்தது மரபணுப் பொறியியல் அன்று, வழக்கமான கலப்பினம். அப்படியென்றால் ஆய்வுக்கூட வித்தை எதற்கு என்று கேட்கலாம். கலப்பினத்தில் வேண்டிய பண்போடு வேண்டாத பண்புகளும் ஒட்டிக்கொண்டு வரும்; அவற்றைக் களைய ஆண்டுகள் ஆகும். திருத்தத்தில், உழவர் பழகிய ரகம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. மேலும், எந்த மரபணு என்ன செய்கிறது என்ற அறிவுதான் இன்று கலப்பினத்துக்கும் கண் கொடுக்கிறது. கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லில் கண்டறிந்த உப்புத் தாங்கும் மரபணுப் பகுதி, அப்படித்தான் வேறு ரகங்களுக்குப் போகிறது. நம் பாரம்பரிய நெல் ரகங்களான களர்ப்பாலையும் உவர்முண்டானும் காப்பாற்றப்பட வேண்டியது அதனாலும்தான்.

எதிர்ப்பாளர்கள் சொல்லும் ஒன்றை நான் முழுமையாக ஏற்கிறேன். நிலத்தடி நீரை அளவின்றி இறைத்துக் கடலை உள்ளே இழுப்பதையும், வடிகால் தூர்ந்து கிடப்பதையும் எந்த விதையாலும் ஈடுகட்ட முடியாது. விதை தனியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் நியாயமானதே. பொது நிறுவனங்கள் இந்த ஆய்வைக் கைவிட்டால் அந்த அச்சம் இன்னும் விரைவாக உண்மையாகும். பூசா நெல்லின் களச் சோதனை முடிவுகளைப் பற்றிய கேள்விகளுக்கு, முழுத் தரவையும் பொதுவில் வைப்பதே மறுமொழி: எந்த வயல், மண்ணில் எவ்வளவு உப்பு, எந்தப் பருவம், பக்கத்திலேயே நட்ட உள்ளூர் ரகம் எவ்வளவு தந்தது? குறிப்பாக, பூக்கும் பருவத்துக் கணக்கு வேண்டும். நெல்லுக்கு உப்பு மிகவும் உறைப்பது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும். நாற்றாக இருக்கையில் பச்சையாகத் தலைநிமிர்ந்து நின்ற பயிர், கதிர் முற்றும்போது வெறும் பதராகிவிடலாம்.