இளமை ஓட்டமும் பிற்கால வெற்றியும்

ஆண்டுதோறும் நம் பகுதிப் பள்ளிகளில் விளையாட்டு விழா நடைபெறுகிறது. பாலக்காட்டுச் சமவெளியாயினும், இடுக்கி மலைச்சரிவாயினும் காட்சி ஒன்றுதான். பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் ஓடுகின்றனர். முதலில் வந்த சிறுமியை, "இவள் நாளை ஆசிய வீராங்கனை" என்று புகழ்கிறோம். கடைசியில் வந்தவளிடம், "உனக்கு ஓட்டம் வராது; போய்ப் படி" என்று கூறிவிடுகிறோம். இவ்விரு தீர்ப்புகளுக்கும் ஆதாரம் உண்டா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் வினா.

முதல் தீர்ப்பு சில வேளைகளில் பலிப்பதுண்டு. பாலக்காட்டை அடுத்த முண்டூரைச் சேர்ந்த பி. யு. சித்ரா, பள்ளி நாள்களிலேயே தேசியப் பள்ளிப் போட்டிகளில் தங்கப் பதக்கங்கள் பெற்றவர். பின்னர் 2017-இல் புவனேசுவரத்திலும், 2019-இல் தோகாவிலும் நடந்த ஆசியத் தடகளப் போட்டிகளில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். ஆயினும் பள்ளிப் பதக்கத்தோடு களத்தை விட்டு அகன்றோர் எத்தனையோ பேர். அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. இளையோர் பட்டியலின் உச்சியில் இருந்தோரிற் பலர் வயது வந்தோர் பட்டியலின் உச்சியில் காணப்படுவதில்லை என்றே, பல நாடுகளின் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

இதன் காரணம் எளியது. ஜனவரியில் பிறந்த குழந்தையும் டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே வயதுப் பிரிவில் ஓடுகின்றனர். அவ்வயதில் பதினொரு மாத மூப்பு சிறிதன்று. பருவமடைதலும் ஒருவருக்கு ஈராண்டு முந்தும், மற்றவருக்குப் பிந்தும். முந்தியவரின் நீண்ட காலும் வலுத்த தசையும் அன்று வெல்கின்றன. மற்றவரும் வளர்ந்தபின் அந்த இடைவெளி குறைந்துவிடுகிறது.

நெடுந்தூர ஓட்டத்திலோ, தாங்கும் ஆற்றல் ஆண்டுக்கணக்கான பயிற்சியால்தான் முதிர்கிறது. இடுக்கி மாவட்டத்து முல்லக்கானத்தில் பிறந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். 2010-இல் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 28. இருபத்தைந்து சுற்றுகளை 31 நிமிடம் 50 வினாடியில் முடித்த அந்த ஆற்றலை, பன்னிரண்டு வயதுக் குழந்தையின் ஒரு சுற்று ஓட்டத்தில் யார் காணமுடியும்?

ஆதலின், முந்தி வந்த குழந்தையைப் பதக்க ஆசையால் மிகுதியாக ஓட்டி, வளரும் எலும்புக்கும் மூட்டுக்கும் ஊறு செய்தலாகாது. பிந்தி வந்த குழந்தையைக் களத்திலிருந்து அனுப்பிவிடலும் ஆகாது. யார் முந்தினர் என்பதோடு, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு ஒவ்வொருவரும் எவ்வளவு முன்னேறினர் என்பதையும் ஆசிரியர்கள் குறித்து வைத்தல் நலம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. 'பந்தய முடிவு' என்கிறோம். 'முடிவு' என்பதற்கு விளைவு என்றும் பொருள் உண்டு. இறுதி என்றும் பொருள் உண்டு. குழந்தைகளின் பந்தயத்தில் முதற் பொருளை மட்டுமே கொள்வோமாக.