மேல்துணிக்குப் பிறகு



துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்தது மேல்துணி. அதற்கு அடியில் மெல்லிய பஞ்சு விரிப்பு. அதற்கும் அடியில் இன்னொரு துணி. இந்த மூன்றையும் ஊடுருவி ஓட்டுத் தையல் போட்டு ஒன்றாக்கினால் கிடைக்கும் போர்வைக்கு குயில்ட் என்று பெயர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் கவனித்து வருகிறேன். ஆர்வமாகத் தொடங்குகிறார்கள். பிறகு தொடங்கிய வேலை ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டு, பை பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. அந்தப் பைகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் நின்றிருக்கும். மேல்துணி ஏறக்குறைய முழுதாக இருக்கும். அதற்கு அப்பால் ஒரு தையலும் இருக்காது.

சோம்பல் என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பக்கத்துக் கைகளின் பழக்கத்தைப் பாருங்கள். ஆவடியில் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் அரசு ஆடைத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. பின்னாளில் அங்கே ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் வந்தன. காலர் மட்டும் தைப்பவர், கை மட்டும் ஏற்றுபவர் என்று லைனில் உட்கார்ந்து பழகிய பெண்கள் இங்கே ஏராளம். வீட்டுக்கு வீடு ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர்களும் உண்டு. துண்டோடு துண்டை இணைப்பது இவர்களுக்குப் புதிதல்ல. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டில் பின்னால் பிரித்துவிட இடம் வைத்துத் தைப்போம். குயில்ட்டில் ஓரம் கால் அங்குலம்தான், அதுவும் எல்லா இடத்திலும் அதே கால் அங்குலம். ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் விழுங்கப்பட்டால், எட்டுத் தையல் தாண்டும்போது வரிசை ஒரு அங்குலம் குறைந்து நிற்கும். இதை நம்மவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது ஆடைத் தையலில் வராத வேலை. அதற்குத் தரையில் இடம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் கட்டிலையும் சோபாவையும் நகர்த்தினால்தான் அந்த இடம் கிடைக்கும். அடித்துணி சுருங்குமோ, நடுவில் பை போல உப்புமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். இத்தனை நாள் பாடுபட்ட மேல்துணி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களும் மேல்துணியின் நிறத்தைத்தான் பாராட்டுகிறார்கள். என் மதிப்பீடு வேறு. குயில்ட்டைக் குயில்ட்டாக்குவது ஊடே ஓடும் தையல். போர்வையின் ஆயுளும் மேனியில் படும் மென்மையும் வெளிச்சம் விழும்போது தெரியும் மேடுபள்ளமும் அதிலிருந்துதான் வருகின்றன.

வங்காளத்துக் காந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையல் ஒன்றை மட்டும் நம்பிச் செய்வது. பஞ்சு கிடையாது. தையல் நெருங்க நெருங்கத் துணியில் சின்னச் சின்ன அலை எழும்பும். அந்த அலைதான் அதன் அழகு. நமக்கு அருகிலேயே ஆந்திரத்தில் பொந்த, கர்நாடகத்தில் கௌதி, மராட்டியத்தில் கோதடி என்று இந்தக் குடும்பம் பெரியது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் கவாந்தி. ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் சித்தி மக்கள். கவாந்திக்குத் தனியாக மேல்துணி என்று ஒன்று கிடையாது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்து அடித்துணியோடு சேர்த்தே தைத்துக்கொண்டு போவார்கள். ஓரத்தில் சுற்றிவந்து, வட்டம் குறுகி, நடுவில் முடியும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூ ஒன்றை வைத்துத் தைப்பார்கள். தைத்த அளவுக்கு அது அப்போதே போர்வை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு, முக்கியமாக எடுத்ததை முடிக்கமாட்டோம் என்று தங்களைப் பற்றியே சந்தேகப்படுகிறவர்களுக்கு, நான் முதலில் சொல்வது கவாந்தி முறையைத்தான். ஒரு குழந்தைப் போர்வை அளவில் தொடங்கினால் போதும்.

இந்தக் கலைக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை இருக்கிறது. 1708-ஐ ஒட்டித் தைத்தது என்று சொல்கிறார்கள். அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று. அதிலுள்ள துண்டுகள் சீட்டி எனப்படும் இந்தியப் பூவேலைப் பருத்தித் துணிகள். சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டி கப்பல் கப்பலாகப் போன காலம் அது. அங்கே உள்ளூர் நெசவாளர்கள் எதிர்த்ததால் 1721-இல் சட்டம் போட்டு அச்சுப் பருத்தித் துணியைத் தடுக்கும் அளவுக்கு அதற்கு மோகம் இருந்தது. விலை உயர்ந்த துணி என்பதால் சிறு துண்டையும் வீணாக்க மனம் வராமல் ஒட்டித் தைத்தார்கள். அந்தத் துணி வணிகத்துக்காக இங்கே சென்னையில் 1734-இல் நூற்பவர்களையும் நெய்பவர்களையும் குடியேற்றி உருவாக்கிய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் துணியை வெட்டித் துணிமேல் வைத்துத் தைத்தவைதாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அந்தக் கைவேலை இன்னும் நடக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையிலேயே இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தபோது நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த வேலைகளை ஒரே கூரையின்கீழ் பார்க்க முடிந்தது.

சரி, பீரோவில் கிடக்கும் பைக்கு வருவோம். முதல் வேலை, அதில் குத்தியிருக்கும் குண்டூசிகளை எடுப்பது. நம் ஊர் ஈரக்காற்றில் ஊசி துருப்பிடித்தால் கறை துணியை விட்டுப் போகாது. மடிப்பு விழுந்த இடத்தில் துணி இற்றிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழைய பருத்தி நூலை ஒரு இழுப்பு இழுத்தால் அறுந்துவிடுகிறதா? அப்படியானால் அந்தத் தையலின் மேலேயே மறுபடி ஓட்டிவிடுங்கள். கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சிறிய கட்டங்களைச் சுற்றி ஒற்றை நிறத்தில் பட்டை வைத்துத் தைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பட்டை பல குயில்ட்டுகளில் கண்ணுக்கு ஓய்வாகவும் அமையும்.

இரட்டைக் கட்டிலுக்கு என்று தொடங்கியது இரட்டைக் கட்டிலுக்கே முடிய வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அன்றைக்குப் போட்ட திட்டத்துக்கு இன்றைக்குக் கட்டுப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் அந்த நாட்டுத் தபால்தலைகளில் வந்தன. கோடு வளைந்திருக்கும், நடுவில் துணி தீர்ந்ததால் வேறு நிறம் நுழைந்திருக்கும். அந்த இடத்தில்தான் தைத்தவரின் கண் எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். ஆவடியில் ஓய்வுபெற்றவர் வீட்டுப் பழைய பருத்திச் சட்டைகள் அப்படியொரு போர்வைக்கு நல்ல சரக்கு. பனியன் துணி மட்டும் வேண்டாம், இழுபட்டுக் கோணும். துண்டு போதவில்லை என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு வரை ஒருமுறை போய்வரலாம்.

நடுவிலே என்ன வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தடித்த பாலியெஸ்டர் பஞ்சு நம் ஊருக்கு ஆகாது. மார்கழியிலும் இரவில் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. அந்தப் பஞ்சை வைத்துத் தைத்த போர்வை மறுபடி பீரோவுக்கே போகும். துவைத்துத் துவைத்துத் தளர்ந்த எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள். ஒற்றைக் கட்டிலுக்குச் சரியாக வரும். ஏசி அறைக்கு இதம், மின்விசிறிக்கு அடியிலும் புழுங்காது. அடித்துணி புதிது என்றால் தைக்குமுன் நனைத்துக் காயவைக்க மறக்காதீர்கள்.

தரையில் அடித்துணியை விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டிவிட்டு, மற்ற இரண்டையும் மேலே பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். அல்லது பெரிய கச்சாத் தையல் போடுங்கள். இந்த ஒரு பகல் வேலைதான் எல்லோரையும் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்துச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதன்பிறகு தையல் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகட்டும். அப்போதுதான் சுருக்கம் வெளியே தள்ளப்படும். தையல் மெஷினில் போடலாம், ஆனால் முதல் போர்வையைக் கையால் தைக்கச் சொல்வேன். கை வேலையில் துணி நகர்ந்தால் உடனே விரலுக்குத் தெரியும். கை வலிக்கிறவர்கள் நாலு விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கூட அடுக்குகளை இணைக்கலாம். பல நாடுகளில் அப்படி முடிச்சிட்டே முடித்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டரை அங்குலப் பட்டையை இரண்டாக மடித்து நாலு ஓரமும் கட்டிவிட வேண்டியதுதான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, அதில் பெயரை நூலால் எழுதுங்கள். பெண்கள் தைத்த எத்தனையோ பழைய போர்வைகள் செய்தவர் பெயரில்லாமல் கிடக்கின்றன. தொடங்கிய ஆண்டையும் முடித்த ஆண்டையும் சேர்த்தே போடுங்கள். அம்மா தொடங்கி மகள் முடித்தது என்றால் அம்மாவின் பெயர் முதலில் வரட்டும்.