உழைப்பாளியின் ஹக்கும் மஹல்லாவின் பொறுப்பும்

(பெண்ணாடம் ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்! ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பெண்ணாடம் ரயில் நிலைய வாசலில் ஆட்டோவுடன் காத்திருப்பவர், தள்ளுவண்டியில் பழம் விற்பவர், வீட்டில் தையல் எந்திரம் வைத்துப் பிழைக்கும் சகோதரி, விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், சென்னைக்குச் சென்று முதுகில் பை சுமந்து வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் நம் பிள்ளைகள் ஆகிய இவர்கள் அனைவருக்கும் பொதுவான நிலை ஒன்று உண்டு. இன்று உழைத்தால் இன்று வருவாய். நாளை காய்ச்சலில் படுத்தால் அடுப்பு எரியாது. கால் முறிந்தால் சம்பளத்துடன் விடுப்புத் தருவார் இல்லை. முதுமையில் கைகொடுக்க ஓய்வூதியமும் இல்லை.

இத்தகையோரின் பாதுகாப்பு, மனம் இரங்கியவர் செய்யும் உதவியா? அல்லது சமுதாயம் நிறைவேற்றியே தீரவேண்டிய கடமையா? மார்க்கத்தின் ஒளியில் இதனைச் சிந்திப்போம்.

நபிமார்களின் உழைப்பு

தாவூத் (அலை) அவர்கள் தம் கைத்தொழிலால் ஈட்டியதையே உண்டார்கள் என்று புகாரீயிலும், ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று முஸ்லிமிலும் ஹதீஸ்கள் பதிவாகியுள்ளன. நம் நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். ஆகவே சுயதொழில் செய்வோர் தாழ்ந்தவர்கள் அல்லர். நபிமார்களின் வழியில் நடப்பவர்கள்.

அபூதாவூதில் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். அன்சாரித் தோழர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அவருடைய வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு நீர்க்கிண்ணமும் மட்டுமே. நபியவர்கள் அவற்றை வரவழைத்துத் தோழர்களிடையே ஏலம் விட்டு, 2 திர்ஹமுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹமுக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்று 15 நாட்களுக்குப் பின் வருமாறு பணித்தார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார்.

இதன் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் குடும்பத்தின் பசி தீர்ந்தது. பிறகு தொழிலுக்குக் கருவி கிடைத்தது. அதன்பின் அவருடைய நிலை விசாரிக்கப்பட்டது. "உழைத்துப் பிழைத்துக்கொள்" என்ற அறிவுரையோடு நபியவர்கள் அவரை அனுப்பிவிடவில்லை.

முதுமையில் கைவிடலாகாது

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை, கண்பார்வை இழந்த யூத முதியவர் ஒருவர் யாசிப்பதைக் கண்டார்கள். அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று உதவியபின், பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பினார்கள். அம்முதியவரின் இளமைக்கால உழைப்பின் பயனை அனுபவித்துவிட்டு, முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஜிஸ்யாவை நீக்கினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இதனைக் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். இன்று நாம் ஓய்வூதியம் என்று சொல்வதன் நியாயம் அன்றே எடுத்துரைக்கப்பட்டுவிட்டது.

கூலியில் தெளிவு

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்துள்ளான் என்பது புகாரீயில் வரும் ஹதீஸின் கருத்தாகும். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பணியில் அமர்ந்தபோது, 8 ஆண்டுகள் என்றும், 10 ஆண்டுகளாக நிறைவு செய்வது அவர்களுடைய விருப்பம் என்றும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டது. அல்கஸஸ் அத்தியாயம் இதனை எடுத்துரைக்கின்றது.

இன்று கைப்பேசிச் செயலி வழியே நடக்கும் வேலைகளின் நிலை என்ன? கூலியை நிறுவனமே நிர்ணயிக்கின்றது, நிறுவனமே மாற்றுகின்றது. உழைப்பவரைத் தொழிலாளி என்றழைத்தால் பொறுப்பு வந்துசேரும் என்பதால், 'பார்ட்னர்' என்று பெயர் சூட்டுகின்றது. கூட்டு வாணிபத்தில் பங்காளிக்கு இலாபத்தில் பங்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். இங்கோ சாலை விபத்தும் பெட்ரோல் செலவும் மட்டுமே அவருக்குரிய பங்காக உள்ளன. பிரிட்டன் உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று அளித்த தீர்ப்பில், ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்றும், குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் பெறும் உரிமையுடையோர் என்றும் உறுதி செய்தது.

நம் நாட்டுச் சட்டங்கள்

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. செயலி வழித் தொழிலாளர்களைப் பெயர் குறிப்பிட்டு ஏற்றுக்கொண்டுள்ள அச்சட்டம், நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்களின் நலநிதிக்குச் செலுத்த வகை செய்கின்றது. எனினும் முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியேதான் அவர்களை நிறுத்தியுள்ளது. எனவே நிரந்தர ஊழியருக்குரிய உரிமைகள் தாமாக அவர்களுக்குக் கிடைத்துவிடா.

நம் தமிழகமோ 1982ஆம் ஆண்டிலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம். கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், தையல் தொழிலாளர், மண்பாண்டத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் எனப் பலருக்கும் தனித்தனி நலவாரியங்கள் உள்ளன. இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கான வாரியமும் 2023 டிசம்பரில் அமைக்கப்பட்டது. விபத்து நிவாரணம், பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, 60 வயதில் ஓய்வூதியம் முதலியவற்றை நலவாரியங்கள் வழங்குகின்றன. இமாம்களுக்கும் முஅத்தின்களுக்கும் கூட 2009 முதல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியம் உண்டு.

ஆனால் பதிவு செய்தவருக்கே இவை கிட்டும். 60 வயது நிறைந்தபின் புதிதாகப் பதிய இயலாது. விபத்து நடந்தபின் ஓடினாலும் பயனில்லை. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் வாளாவிருந்துவிடுகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்பதே நபியவர்கள் கற்றுத்தந்த பாடம்!

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, நம்மிடம் வேலை செய்வோருக்குக் கூலியை முன்கூட்டியே பேசி, வியர்வை உலருமுன் கொடுத்துவிடுவோம். பள்ளிவாசலும் ஒரு முதலாளியே என்பதை முத்தவல்லிகள் மறந்துவிடலாகாது. முஅத்தினுக்குத் தரும் சம்பளம் ஒரு குடும்பம் வாழப் போதுமானதா என்று நிர்வாகம் சிந்திக்கட்டும்.

இரண்டாவதாக, ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு மேசை போடுங்கள். கணினி அறிந்த இரண்டு இளைஞர்கள் அமர்ந்து, ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பார்த்து, உரிய வாரியத்தில் பதிவு செய்து தரட்டும். 55 வயதைக் கடந்தோரை முதலில் தேடிச் சென்று சேருங்கள். ஏற்கெனவே பதிந்தோரின் அட்டை காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். பக்கத்துத் தெருவின் மாற்றுமதச் சகோதரர் வந்தாலும் முகமலர்ச்சியோடு செய்து கொடுங்கள். உமர் (ரலி) அவர்கள் கைபிடித்து அழைத்துச் சென்றவர் ஒரு யூதர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, ஜகாத் பெறத் தகுதியுடைய 8 பிரிவினரில் ஏழைகளும் கடனாளிகளும் உள்ளனர். மருத்துவச் செலவால் கடனில் மூழ்கிய ஏழை உழைப்பாளியை மீட்பதற்கும், தொழில் இழந்த ஏழைக்குத் தையல் எந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கி உடைமையாக்கித் தருவதற்கும் ஜகாத் நிதியைத் திட்டமிட்டுச் செலவிடலாம். சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும் தொகை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நபியவர்கள் காம்பிட்டுக் கொடுத்த கோடரியோ ஒரு குடும்பத்தையே நிமிர்த்தியது.

உழைப்பாளியின் ஹக்கை அறிந்து நிறைவேற்றும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! வெயிலிலும் மழையிலும் ஹலாலான உணவைத் தேடி அலையும் நம் சகோதர சகோதரிகளின் ரிஸ்கிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.