பெட்டியில் எழுதிய வேகம்



வன்னிநாட்டில் குளத்தின் பெருமையைக் கண்டு வயலின் விளைவை எவரும் மதிப்பிடுவதில்லை. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தாலும், துருசு எவ்வளவு திறந்திருக்கிறது, வாய்க்கால் எவ்வளவு அகலமானது, இடையில் எங்கே புல் அடைத்துக் கிடக்கிறது என்பவற்றைப் பொறுத்தே கடைசி வயலுக்கு நீர் சென்று சேரும். கணினியில் இன்று பொருத்தப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தின் நிலையும் இதுவே. கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று வழங்கும் இச்சிறு பொருளில் சுழலும் தட்டு இல்லை. மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் நுண்ணறைகளே உள்ளன. ஆதலின் அது பழைய வன்தட்டைவிடப் பன்மடங்கு விரைவானது. எனினும், விற்பவர் சொன்ன வேகம் வாங்கியவர் வீட்டில் எப்போதும் கிடைப்பதில்லை.

முள்ளியவளையில் ஒரு குடும்பத்தார் தம் பழைய மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பொருத்தினர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் வினாடிக்கு 550 மெகாபைட் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலில் எடுத்த படங்களை வெளித்தட்டு ஒன்றிலிருந்து அதற்கு மாற்றினால், 35 மெகாபைட்டுக்கு மேல் ஓடவில்லை. கொடுத்த பணம் வீணாயிற்றே என்று வீட்டார் மனம் புழுங்குகின்றனர். அவர்கள் ஏமாற்றப்பட்டனரா?

தீர்ப்புக் கூறுமுன் வழியை நோக்க வேண்டும். படங்கள் இருந்த வெளித்தட்டு யூ.எஸ்.பி. 2.0 என்னும் பழைய இணைப்பினால் கணினியோடு தொடுக்கப்பட்டிருந்தது. அவ்விணைப்பின் எல்லை வினாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே கணக்கின்படி 60 மெகாபைட், நடைமுறையில் 30 முதல் 40 வரையே கிடைக்கும். ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பது பழமொழி. இங்கே குறை புதிய பொருளில் இல்லை. அதற்கு ஊட்டிய வழியிலேயே உள்ளது.

ஆதலின் முதற் சோதனை, எஸ்.எஸ்.டி.யைத் தனியே அளப்பதாகும். கிறிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும். அவ்வாறு அளந்தபோது 270 மெகாபைட் அளவில் நின்றுவிட்டால், அடுத்து நோக்க வேண்டியது கணினியின் சாட்டா இணைப்பை. அதன் இரண்டாம் தலைமுறை 300 மெகாபைட்டுக்கும், மூன்றாம் தலைமுறை 600 மெகாபைட்டுக்கும் இடந்தருவது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் மற்றொரு மென்பொருள், தற்போது இயங்கும் தலைமுறையையும் எஸ்.எஸ்.டி.க்கு இயலும் தலைமுறையையும் 300, 600 என்று அருகருகே காட்டும். கணினியில் வேகமான வேறு பொருத்துமிடம் இருப்பின் மாற்றிப் பொருத்தலாம். இல்லையெனின் அதுவே அக்கணினியின் எல்லை என்று அமைதல் வேண்டும்.

அதனால் நட்டம் பெரிதன்று. பெட்டியில் எழுதிய எண், பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகமாகும். நாள்தோறும் கணினி செய்வதோ ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளை அங்குமிங்கும் தேடிப் படிப்பது. அவ்வேலையில் வன்தட்டு வினாடிக்கு ஒரு மெகாபைட்டையே எட்டத் திணறும், எஸ்.எஸ்.டி. பழைய இணைப்பிலும் இருபது, முப்பது மெகாபைட் தரும்.

இனி, தொடக்கத்தில் விரைந்தோடிச் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும் எஸ்.எஸ்.டி.யும் உண்டு. விலை குறைந்தவற்றில் நுண்ணறை ஒன்றில் மூன்று அல்லது நான்கு பிட்டுகளை நெருக்கி எழுதுவர். அது மெதுவான வேலை. ஆகவே ஒரு பகுதியை மட்டும் அறைக்கு ஒரு பிட்டாக விரைந்து எழுதும் முற்றமாக ஒதுக்கிவைப்பர். முற்றம் நிறைந்ததும் மெய்யான வேகம் வெளிப்படும். பெட்டியில் உள்ள எழுதும் வேகம் பெரும்பாலும் அம்முற்றத்தின் வேகமே.

நிரம்பிய எஸ்.எஸ்.டி.யும் தளரும். வகுப்பறையில் ஒரு கரும்பலகை. அதில் வரிவரியாக எழுதலாம், ஆனால் அழிப்பதாயின் பலகை முழுவதையும் ஒருங்கே அழிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டிய வரிகளை வேறொரு பலகையில் பெயர்த்தெழுதிய பின்னரே பழைய பலகையைத் துடைக்கலாம். எஸ்.எஸ்.டி.யின் தொழில் அத்தகையது. வெற்றுப் பலகை இல்லாதவிடத்து வேலை தடைப்படும். பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கை வெறுமையாக விட்டுவைத்தல் நன்று. எந்த வரி இனி வேண்டாதது என்று கணினி அறிவிக்கும் முறைக்கு டிரிம் என்று பெயர். 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் அவ்வசதி உண்டு. அது இயங்குகிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

வெப்பமும் ஒரு காரணம். மிக விரைவான என்விஎம்இ வகைகள் ஏறத்தாழ 70, 80 பாகை செல்சியசை எட்டும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கும். வைகாசி வெயிலில், தூசி படிந்து காற்று வழி அடைபட்ட கணினியில் இது எளிதில் நேரும்.

இவையனைத்தையும் ஆராய்ந்த பின்னும் குறை நீங்காவிடின், குற்றம் பொருளிலேயே இருத்தலும் கூடும். சாம்சுங் நிறுவனத்தின் 840 இவோ வகையில் நெடுநாள் தீண்டாத கோப்புகள் மிக மெதுவாகப் படிக்கப்பட்டன. 2014 ஒக்தோபரில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டும் குறை மீண்டும் தலைகாட்ட, 2015 ஏப்பிரலில் மற்றொரு திருத்தம் வந்தது. 2021இல் வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனம் புளூ எஸ்.என்.550 வகையின் உள்ளுறுப்பைப் பெயர் மாற்றாமலே மாற்றியமை வெளியாயிற்று. முற்றம் நிறைந்த பின் அதன் எழுதும் வேகம் முன்னையதிலும் குறைந்திருந்தது. ஆகவே வாங்கியவர் முறையிடுவதில் தவறில்லை. அளந்து பெற்ற எண்களோடு முறையிட்டால் அம்முறைப்பாட்டுக்கு வலு உண்டு.

இறுதியாக, இவையனைத்திற்கும் முதலாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நேற்றுவரை நன்கு ஓடிய எஸ்.எஸ்.டி. இன்று திடீரெனத் தளர்ந்தால், அது அழிவின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அப்போது சோதனை பின்னர். பிரதி எடுத்தல் முன்னர். 2009இல் முடிந்த போரில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் படத்தையும் வழியில் விட்டுவந்த மக்கள் வாழும் மண் இது. எஞ்சிய ஒரு படத்தை வருடிக் கணினியில் வைத்திருப்போருக்கு, அது ஒரே இடத்தில் இருத்தல் எத்துணை இடர் என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். இழந்த படத்திற்காக எத்துணை காலம் காத்திருந்தாலும் அது திரும்பாது. இன்றே ஒரு பிரதி எடுத்து, அதனை வேறொரு வீட்டில் வைப்பது நன்று.