ஆறுமணிக்குருவிக்கு ஒரு அட்டைப்பெட்டி
(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். குயில், காக்கா இரண்டில் எது பாட்டுப் பறவை? குயில் என்பீர்கள். பறவையியல் கணக்கில் காக்காதான்!

உலகத்துப் பறவை இனங்களில் பாதிக்கு மேல் 'கிளை பற்றும் பறவைகள்' என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கும். குயிலுக்கும் கிளிக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அதனால் அவை இதில் சேராது.

இந்த வரிசைக்குள் பெரிய பிரிவுதான் பாட்டுப் பறவைகள். காக்கா, மைனா, சிட்டுக்குருவி, தையல்சிட்டு எல்லாம் இதில் வரும். இவற்றின் குரல் உறுப்பில் பல ஜோடித் தசைகள் உண்டு. பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் குஞ்சுகள் பாடப் பழகும். சேமிப்புக் கணக்கு எல்லாமே டெபாசிட்தான். டெபாசிட் எல்லாமே சேமிப்புக் கணக்கு அல்ல. அதுபோலத்தான் இதுவும்.

கிளை பற்றும் பறவையாக இருந்தும் பாட்டுப் பறவை அல்லாதது தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று: ஆறுமணிக்குருவி. அதன் குரல் உறுப்பு எளிமையானது. அது சேர்ந்த பிரிவில் குரல் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதால் இந்தப் பெயர். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து, அக்டோபர் வாக்கில் தெற்கே வரும்.

போன அக்டோபரில் நம் மாடிப்படிக் கண்ணாடியில் மோதி விழுந்ததே, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, அது இதுதான். மீன்கொத்தி என்று நினைத்தோம். பாவமே என்று வாயில் தண்ணீர் ஊற்றினேன். சற்று நேரத்தில் இறந்துவிட்டது. அப்படி ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி இப்படி ஒன்று விழுந்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வையுங்கள். மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். சோறு, தண்ணீர் வேண்டாம். தெளிந்ததும் புதர் ஓரமாகத் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர், நவம்பரில் இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடி விளக்கை அணைத்துவிடுவோம். மாடிப்படிக் கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டாலும் போதாது. வெளிப்புறம் வலை கட்டுவோம். ஆனைக்குட்டம் வரை பறந்து வந்தது நம் கண்ணாடியில் முடிய வேண்டாம்.