கிரேக்க நாட்டில் கல்லும் சொல்லும்



கிரேக்கப் பண்பாட்டைக் கற்க விழைந்து ஏதென்சு நகர்க்குச் செல்வோர், முதற்கண் அக்ரோபோலிசுக் குன்றின்மேல் ஏறுவர். கி.மு. 447-இல் தொடங்கப்பெற்ற பார்த்தெனான் கோயிலைக் காண்பர். 1687-இல் வெனிசுப் படையினர் எறிந்த குண்டு பட்டு, உள்ளே துருக்கியர் வைத்திருந்த வெடிமருந்து வெடிக்க, அது சிதைந்தது. எஞ்சிய சிலைகளுட் பலவற்றைப் பிரித்தானியத் தூதர் எல்கின் பெயர்த்தெடுத்தார். 1816-இல் அவற்றைப் பிரித்தானிய அரசு விலைக்கு வாங்கியது. 2009-இல் திறக்கப்பெற்ற அக்ரோபோலிசு அருங்காட்சியகத்தில், அவற்றின் இடத்தே சுதை வார்ப்புகளே நிற்கின்றன.

கல்லைப் பெயர்த்தவர் உளர். சொல்லைப் பெயர்க்க எவராலும் இயலவில்லை! குன்றினின்று இறங்கித் தெருவில் நடப்போர் இதனை உணர்வர். வைப்பகத்தின் முகப்பில் 'திராபெசா' என்றிருக்கும். பண்டு காசு மாற்றுவோர் முன்னிருந்த நாற்காற் பலகையின் பெயர் அது. தொடர்வண்டிப் பாதை 'சிதிரோத்ரோமோசு'. இரும்பு வழி என்பது பொருள். உருவகத்திற்கு அரிசுட்டாட்டில் ஆண்ட 'மெத்தபொரா' என்னும் சொல், இன்று வீட்டுப் பொருள் ஏற்றிச் செல்லும் சுமையுந்தின்மேல் விளங்கும்.

இந்நிலை எளிதில் வாய்த்ததன்று. ஏறத்தாழ நானூறாண்டுத் துருக்கியராட்சியில் அயற்சொற்கள் பல புகுந்தன. பாரிசில் வாழ்ந்த கொராயிசு (1748-1833) என்னும் அறிஞர் அவற்றைக் களைய முனைந்தார். அவ்வழியில் வளர்ந்த 'கத்தரேவுசா' என்னும் தூயநடை அரசுமொழியாயிற்று. ஆயின், பின்வந்தோர் அயற்சொல் களைந்ததோடு அமையாது, வழக்கொழிந்த இலக்கணத்தையும் மீட்டு மக்கள்மேல் ஏற்றினர். தாயின் பேச்சு வேறு, பள்ளியின் நடை வேறு என்றாயிற்று. 1901-இல் புதிய ஏற்பாட்டை மக்கள் பேச்சில் பெயர்த்து வெளியிட்டதை எதிர்த்து ஏதென்சில் மூண்ட கிளர்ச்சியில் எண்மர் மாண்டனர். மக்கள் மொழியாகிய 'திமோத்திகி' கல்விமொழியாக 1976 வரை காத்திருக்க நேர்ந்தது.

தூயநடையின் இலக்கணம் வீழ்ந்தது. அதன் அறிஞர் ஆக்கியும் மீட்டும் தந்த சொற்களோ வீழவில்லை. வண்டியோட்டியும் வணிகரும் அவற்றையே வழங்குகின்றனர். மக்கள் நாவில் ஏறியவை நின்றன. ஏறாதவை ஏட்டோடு நின்றன.

ஆதலின், கிரேக்கம் செல்வோர் கல்லைக் கண்டு வியந்ததோடு மீளற்க! தெருவின் பெயர்ப்பலகைகளையும் படித்து மீள்க! மொழித்தூய்மை எங்கு வேரூன்றும், எங்குப் பட்டுப்போகும் என்பதை அவை கற்பிக்கும்.